நாலாம் நம்பர் சிஸ்டமும் ஒரு மைனஸ் ஆரும்

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. டிப்ளமோ முடித்துவிட்டு, சாத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி சிவகாசியில் ஒரு பிரஸ்ஸுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் இருக்கும். காலண்டரும் டைரியும் அடிக்கிற பிரஸ். பக்கங்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைக்கும் டி.டி.பி. அறையில் ஆறு சிஸ்டம், எல்லாருடைய ஃபைல்களையும் பொதுவாக வைத்துக்கொள்ள ஒரு சர்வர், அத்தனையையும் பார்த்துக்கொள்ள நான். மவுஸ் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஃபேன் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். சாப்பாட்டு நேரத்தில் யாராவது வந்து நின்றால் டிபன் பாக்ஸை மூடாமலே கத்துவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் பாதிக்கு அந்தக் குணம்தான் காரணம்.

நாலாம் நம்பர் சிஸ்டத்தில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆனைக்குட்டம் பக்கம் ஊர். பதினைந்து வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீஸில் பசை தடவிக்கொண்டிருந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு மாலை நேர வகுப்பில் டி.டி.பி. படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்திருந்தார். அவர் ஊரிலிருந்து எங்கள் பிரஸ் வழியாகப் பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்று போகும். அதில்தான் வருவார், அதில்தான் போவார். பட்டாசுக் கம்பெனி சீக்கிரம் விட்டுவிடும். வேனைப் பிடிக்க அவர் எங்களுக்கு அரை மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டும். அந்த அரை மணியை ஈடுகட்ட, ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்து நாங்கள் எல்லோரும் எழுந்து போன பிறகும் அவர் மட்டும் ஒன்றரை வரை உட்கார்ந்து வேலை பார்ப்பார்.

அவருடைய மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துப் படிவத்தில் 'தாயார் தொழில்' என்ற இடத்தில் 'கம்ப்யூட்டர் ஆபரேட்டர்' என்று தானே எழுதிக் கொடுத்ததாம். அதை என்னிடம் மட்டும் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதைப் போலவே சொல்வார்.

பிரச்சினை ஆனி மாதத்தில் ஆரம்பித்தது. எங்கள் ஊர்ப் பக்கம் அடுத்த வருஷக் காலண்டருக்கான மாதிரி ஆல்பத்தை ஆடிப் பதினெட்டு அன்று வெளியிடுவார்கள். ஆனி முழுக்க ஆல்பம் வேலைதான், மூச்சு விட நேரம் இருக்காது. அந்த நேரம் பார்த்து நாலாம் நம்பரில் ஃபைல்கள் கெட்டுப்போக ஆரம்பித்தன. காலையிலிருந்து செய்த பக்கம் மதியத்துக்கு மேல் திறக்காது. வாரத்தில் இரண்டு தடவை, சில வாரம் மூன்று தடவை. மற்ற ஐந்து சிஸ்டத்திலும் ஒன்றும் இல்லை.

"தங்கச்சி, சேவ் குடுத்தேன், அப்படியே நின்னுபோச்சு. கொஞ்சம் வந்து பாக்கீகளா?" என்று அக்கா சாப்பாட்டு அறை வாசலில் வந்து நிற்பார்.

"சாப்பிட்டுட்டு வாரேன்க்கா. ஒரு வாய் திங்கவிட மாட்டீகளா?" என்பேன். இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும். நான் உதட்டைப் பிதுக்குவேன். அவர் முகம் சுருங்கிப்போகும்.

முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவருடைய அப்பா பட்டாசுக் கம்பெனி நடத்தியவர். அந்த வளர்ப்பு அண்ணாச்சியிடம் அப்படியே இருந்தது. ஆள் இல்லாத அறையில் கரண்ட் இருக்கக் கூடாது. அது அவருக்குச் சட்டம். சாயங்காலம் கடைசி ஆள் வெளியேறியதும் மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, ஒரு மஞ்சள் துணியில் சுற்றி வீட்டுக்கே எடுத்துப் போய்விடுவார். காலையில் அவர் வந்து கட்டையை மாட்டினால்தான் எங்களுக்கு உயிர். சர்வர் என்றால் வருஷம் முழுக்க ஓடும் என்று எனக்குப் படிப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் சர்வர் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குத் தூங்கி, காலை ஒன்பதுக்கு எழுந்தது.

ஒரே வாரத்தில் மூன்றாவது ஃபைலும் போனபோது அண்ணாச்சி டி.டி.பி. அறைக்கே வந்துவிட்டார். அக்கா எழுந்து நின்றார்.

"ஏம்மா, சீசன் நேரத்துல இப்படிப் பண்ணா எப்படி? உனக்கு வரலன்னா வரலன்னு சொல்லீரு. பைண்டிங்ல ஆள் வேணும்" என்றார் அவரிடம். பிறகு என்னிடம் திரும்பி, "மெசின்ல தப்பா, ஆள்ல தப்பா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றார்.

அதற்காகத்தான் சிஸ்லாக் சர்வர் வைத்தேன். புரியும்படி சொல்கிறேன். கம்ப்யூட்டர்களும் அவற்றை இணைக்கும் நெட்வொர்க் பெட்டியும் தங்களுக்கு நடப்பதை ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். 'இப்போது எழுந்தேன்', 'இந்த வயர் போய்விட்டது' என்கிற மாதிரி. அந்த வரிகளை எல்லாம் ஒரே இடத்தில், நேரம் போட்டு எழுதிவைக்கிற கம்ப்யூட்டர்தான் சிஸ்லாக் சர்வர். மூலையில் தூசி பிடித்துக் கிடந்த ஒரு பழைய சிஸ்டத்தைத் துடைத்து, அதில் லினக்ஸ் ஏற்றினேன். கரண்ட் போனாலும் ஓடுவதற்காக மற்ற எல்லாவற்றுக்கும் யூ.பி.எஸ். உண்டு. இந்தக் கிழட்டு மெஷினுக்கு அதில் இடம் இல்லை என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். அதற்கும் ஒரு பாட்டம் முணுமுணுத்துவிட்டு, சுவரில் இருந்த சாதாரண பிளக்கில் சொருகினேன்.

நெட்வொர்க் பெட்டி அண்ணாச்சியின் கண்ணாடி அறைக்குள் இருந்தது. பிரஸ்ஸிலேயே அங்கேதான் ஏ.சி., பெட்டிக்குக் குளிர்ச்சி நல்லது என்று யாரோ வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டியை, 'உனக்கு நடப்பதை எல்லாம் இந்தப் பழைய மெஷினுக்குச் சொல்' என்று அமைத்தேன். ஆனால் அது சொன்னால் மட்டும் போதாது, இந்தப் பக்கம் கேட்க வேண்டும். சிஸ்லாக் இயல்பாக வெளியிலிருந்து வருவதைக் கேட்காது. தன் மெஷினில் நடப்பதை மட்டும்தான் எழுதும். அதைத் தொடங்கும்போதே 'மைனஸ் ஆர்' என்று ஒரு குறியும் ஓர் எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால்தான் வெளியே இருப்பவை சொல்வதையும் வாங்கிக்கொள்ளும்.

பிரவுசிங் சென்டரில் எடுத்த அச்சுத்தாளைப் பார்த்து, சிஸ்லாக்கை நிறுத்தி, மைனஸ் ஆர் போட்டு என் கையாலேயே மறுபடி தொடங்கினேன். பெட்டியை ஒரு தடவை அணைத்துப் போட்டேன். வந்தது! 'பெட்டி இப்போதுதான் எழுந்தது' என்று ஒரு வரி திரையில் வந்து விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் நின்ற அக்காவிடம், "பாருங்க, இது எப்ப எந்திரிச்சாலும் எனக்குச் சொல்லீரும். இனி எவன் தப்புப் பண்ணாலும் மாட்டிக்குவான்" என்று அளந்துவிட்டேன். அச்சுத்தாளில் அதற்குப் பிறகும் ஒரு பக்கம் இருந்தது. வேலை நடந்துவிட்டதே என்று நான் அதைப் புரட்டவில்லை.

அது திங்கட்கிழமை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் நாலாம் நம்பரில் ஃபைல் போனது. வியாழக்கிழமை அண்ணாச்சி கேட்டார். நான் அந்த வரிகள் சேரும் லாகைத் திறந்து பார்த்தேன். பெட்டியிடமிருந்து ஒரு வரி கூட இல்லை, சுத்தமாக இருந்தது. எல்லோருக்கும் முன்னால், "நெட்வொர்க்ல ஒரு தப்பும் இல்ல அண்ணாச்சி" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தார், பிறகு கீபோர்டைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை அவரைப் பைண்டிங் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் கழிந்து வரும் திங்கட்கிழமை நாலாம் நம்பருக்கு வேறொரு பிள்ளை வரும் என்று பேச்சு.

சனிக்கிழமை ஏதோ வேலையாகப் பைண்டிங் பக்கம் போனேன். அக்கா தரையில் உட்கார்ந்து டைரி அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். வேகமாக, அழகாகத் தடவினார். தீப்பெட்டி ஆபீஸில் பழகிய வேகம். அருகில் போய் உட்கார்ந்தேன்.

"கோவமாக்கா?"

"ஒங்க மேல என்ன கோவம்? பாக்காமலா சொல்லியிருப்பீக. வீட்ல பிள்ளைகிட்டத்தான் இன்னும் சொல்லல" என்றார். தூரிகையைப் பசையில் முக்கினார். பிறகு ஏதோ நினைவு வந்ததைப் போல, "ஆனா தங்கச்சி, அந்தப் பெட்டி எந்திரிச்சா ஒங்களுக்குச் சொல்லும்னீகள்ல? அது தெனமும் காலைல எந்திரிக்கத்தான செய்யுது? அதையாச்சும் சொல்லுச்சா?" என்று கேட்டார்.

நான் அப்படியே எழுந்து ஓடினேன். பைண்டிங் அறையில் யாரோ சிரித்தார்கள்.

லாகைத் திறந்தேன். செவ்வாய்க் காலை, புதன் காலை, வியாழன் காலை, வெள்ளிக் காலை, எதிலும் பெட்டி எழுந்த வரி இல்லை. எழாத பெட்டியை வைத்துக்கொண்டா ஆறு சிஸ்டமும் அத்தனை நாள் ஓடின? தினமும் எழுந்திருக்கிறது, தினமும் சொல்லியிருக்கிறது. கேட்கத்தான் யாரும் இல்லை. நான் திங்கட்கிழமை கையால் கொடுத்த மைனஸ் ஆர் அன்று சாயங்காலம் அண்ணாச்சி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கியதோடு போய்விட்டது. மறுநாள் காலையில் சிஸ்லாக் தன் வழக்கமான முறையில், காது இல்லாமல் தொடங்கியிருக்கிறது. அந்த வெற்று லாகைக் காட்டித்தான் ஓர் ஆளைத் தரையில் உட்கார வைத்தேன். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

புரட்டாமல் விட்ட பக்கத்தை அன்றைக்குத்தான் படித்தேன். சிஸ்லாக் ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் எந்த விருப்பங்களோடு தொடங்க வேண்டும் என்று எழுதிவைக்க ஒரு சின்ன ஃபைல் உண்டு. அதில் இரட்டை மேற்கோளுக்குள் ஒரே வரி. எங்கள் மெஷினில் 'மைனஸ் எம், பூஜ்யம்' என்று மட்டும் இருந்தது. அந்த எம் எதற்கு என்றும் படித்தேன். வேறு ஒன்றும் நடக்காவிட்டாலும், 'நான் இருக்கிறேன்' என்று இத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை ஓர் அடையாள வரி எழுதுவதற்காம். பூஜ்யம் என்றால் எழுத வேண்டாம் என்று பொருள். வெற்று லாகைப் பார்த்து ஏமாந்தவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பூஜ்யத்தை அழித்து இருபது போட்டேன். பக்கத்தில் மைனஸ் ஆர் சேர்த்தேன். சேமித்துவிட்டு மறுபடி திறந்து, எழுதியது இருக்கிறதா என்று பார்த்தேன். அதை மூடிவிட்டு இன்னொரு தடவையும் பார்த்தேன்.

ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன். வேன் சீக்கிரம் இறக்கிவிட்டதால் அக்காவும் வாசலில் இருந்தார். அண்ணாச்சி வந்து கட்டையை மாட்டினார். நான் போய் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் போட்டேன். அண்ணாச்சி வழக்கம் போல ஒவ்வொரு மெஷினுக்கும் சூடம் காட்டிவிட்டு, கடைசியாகத்தான் தன் அறையைத் திறந்து சுவிட்ச் போட்டார். அக்காவும் நானும் கிழட்டு மெஷினின் முன்னால் நின்றோம். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு வரி வந்தது. ஒன்பது மணி ஆறு நிமிடம், பெட்டி எழுந்தது.

"சொல்லிருச்சு!" என்றார் அக்கா. என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு, பைண்டிங்குக்குப் போனார்.

மதியம் ஒன்று ஐம்பத்து மூன்றுக்கு அதே வரி இன்னொரு தடவை வந்தது.

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்த பெட்டி மதியம் மறுபடி எழுந்தது என்றால், நடுவில் அணைந்திருக்க வேண்டும். கரண்ட் போனதா? இல்லை. ஒன்று இருபதுக்கும் ஒன்று நாற்பதுக்கும் 'நான் இருக்கிறேன்' என்று அடையாள வரிகள் இருந்தன. யூ.பி.எஸ். இல்லாத மெஷின் அது. கரண்ட் போயிருந்தால் முதலில் போவது அதுதான். இடம் கிடைக்காத மெஷின்தான் நல்ல சாட்சியாக நின்றது.

செவ்வாய்க்கிழமை டிபன் பாக்ஸைத் திறக்காமல் ஹாலில் அடுக்கியிருந்த காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் நின்றேன். ஒன்றே காலுக்கு அண்ணாச்சி சாப்பிடக் கிளம்பினார். அடுத்த தெருவில்தான் வீடு. வேலையாட்கள் திரும்புவதற்கு முன் தான் திரும்பிவிட வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. கதவைச் சாத்துவதற்கு முன் சுவரில் கை போனது. டக், டக், டக், டக். லைட், ஃபேன், ஏ.சி., நாலாவதாகப் பெட்டியின் சுவிட்ச். கண்ணாடிக்குப் பின்னால் பச்சை விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. ஆள் இல்லாத அறையில் கரண்ட் இருக்கக் கூடாது. தினமும் என் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது, நான் உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் பிரஸ் முழுவதிலும் சர்வரில் ஃபைலைத் திறந்துவைத்து வேலை பார்த்தது அக்கா ஒருவர்தான். சுவிட்ச் விழும் நொடியில் அவர் சேவ் கொடுத்துக்கொண்டிருந்தால், பெட்டி வழியாகச் சர்வருக்குப் போகும் ஃபைல் பாதியில் கெட்டுவிடும்.

கண்டுபிடித்தாயிற்று, ஆனால் யாரிடம் சொல்வது? ஃபைலைக் கெடுத்தது முதலாளியின் கை என்று முதலாளியிடமே சொல்ல வேண்டும். வாய் நீளம் என்று பெயர் எடுத்தவளுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. புதன்கிழமை வெளியூர்ப் பார்ட்டி ஒருவர் ஆர்டர் கொடுக்க வந்து பேச்சு நீண்டுவிட்டதால் அண்ணாச்சி சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை. அன்றைக்கு மதியம் அந்த வரி வரவில்லை. வியாழக்கிழமை மறுபடி வந்தது. இதற்கு மேல் ஒளிந்துகொள்ள எனக்கு இடம் இல்லை. நாலு நாள் லாகையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனேன்.

"அண்ணாச்சி, நான் அன்னைக்கிச் சொன்னது தப்பு."

"எது?"

"நெட்வொர்க்ல ஒண்ணுமில்லேன்னு சொன்னேன்ல, அது. அன்னைக்கி என் மெசினுக்குக் காதே இல்ல. வைக்க மறந்தது நான்தான். கேக்காத மெசின வச்சுக்கிட்டு எல்லாம் அமைதியா இருக்குன்னு சொல்லிட்டேன்."

காகிதத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "மதியத்துல என்ன இது? கரண்டு போயிருக்கும்மா."

"போகல அண்ணாச்சி. இங்கன பாருங்க, இருவது நிமிசத்துக்கு ஒருக்கா நம்ம பழைய மெசின் உசுரோட இருந்து எழுதியிருக்கு. இந்த ரூம்ல மட்டுந்தான் போயிருக்கு. நேத்து போகல. நேத்து நீங்க சாப்பிட வீட்டுக்குப் போகல."

கடைசி வாக்கியம் எப்படி வெளியே வந்தது என்று எனக்கே தெரியாது. அண்ணாச்சி காகிதத்தை மேஜையில் வைத்தார். பிறகு எழுந்து சுவிட்ச் போர்டுக்கு முன்னால் போய் நின்றார். ஒவ்வொரு சுவிட்சாக விரல் வைத்து, நாலாவதில் நிறுத்தினார். அதன் வயர் போகும் வழியைக் கண்ணாலேயே தொடர்ந்து போய்ப் பெட்டியில் முடித்தார்.

"இத ஒங்க ரூமுக்குத் தூக்கிட்டுப் போயிரு" என்றார். நான் கதவு வரைக்கும் வந்த பிறகு, "அந்தப் பிள்ளைய அதோட சீட்டுக்கே வரச் சொல்லு" என்றார்.

பைண்டிங்குக்கு ஓடினேன். முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்துப் போனேன். அக்காவைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அட, கூறுகெட்ட பிள்ள, நானே அழுகல, ஒனக்கென்ன?" என்றார். அதுவரைக்கும் என்னை 'நீங்க' என்றே பேசிக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் முதன்முதலாக 'நீ' என்றார். பக்கெட்டில் கையைக் கழுவினார். நகக்கண்ணில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டே என்னோடு நடந்து வந்தார். நல்லவேளை, வீட்டில் பிள்ளையிடம் சொல்லவில்லை என்று வழியில் இரண்டு தடவை சொன்னார்.

அன்று சாயங்காலமே பெட்டி எங்கள் அறைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நாலாம் நம்பரில் ஒரு ஃபைலும் கெடவில்லை. ஆல்பம் ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு நாள் முன்னதாகவே முடிந்தது. பெட்டிக்கும் தன் அறைச் சுவிட்சுக்கும் இனி சம்பந்தம் இல்லை என்று அண்ணாச்சியிடம் நானே விளக்கிச் சொல்லியிருந்தேன். அவருக்கும் நன்றாகவே புரிந்திருந்தது.

ஆனாலும் பெட்டி இடம் மாறிய மறுநாள் ஒன்றே காலுக்கு அவர் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். கையில் குடை. உள்ளே வரவில்லை. நான் அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அக்காவோடு இருந்துவிட்டு ஒன்றரைக்கு அவரோடே சாப்பிடப் போக ஆரம்பித்திருந்தேன், அதனால் பார்த்தேன்.

"ஏம்மா, சேவ் ஆயிருச்சா? நான் கெளம்பட்டுமா?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரு ரெண்டு நிமிசம் நில்லுங்க அண்ணாச்சி" என்றார்.

அண்ணாச்சி நின்றார். வாட்சைப் பார்த்தார், குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். முழுசாக இரண்டு நிமிடம் நின்றார். நான் எட்டி அக்காவின் திரையைப் பார்த்தேன். சேவ் எப்போதோ முடிந்திருந்தது.